ஒரு பேச்சுக்குக் கேட்டது

12 ஜனவரி

அன்புள்ள குண்டூசிக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். போன கடிதத்தில் நாலு பக்கத்துக்கு என்னைத் திட்டியிருக்கிறாயே, சீக்காளியால் அது முடியாது.

ஒரு நாள் முழுக்க யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தாய். டெப்போவில் மேலாளரின் அறைக்குள் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். மனுஷன் வந்து என் மடியில் உட்காரட்டும். இருபது வருடமாக பஸ் ஓட்டுகிற பெண்ணைப் பார்த்து, "திருப்பத்துல பார்த்து ஓட்டுங்கம்மா" என்று தினமும் சொல்கிறவருக்கு அது வேண்டும்.

இப்போது என் முறை. விடுதி அறையில் தூக்கம் வராமல் தொடங்கிய விளையாட்டு, முப்பது வருடமாகியும் நம்மை விடவில்லை. விதிகள் உனக்கே தெரியும். ஃபோனில் கேட்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். எனக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள். உன்னுடையதில் ஒன்றைக் கொடுப்பாயா?

உன்,
நெட்டை

25 ஜனவரி

அன்புள்ள நெட்டைக்கு,

கொடுக்க மாட்டேன்.

முகத்தைச் சுளிக்காதே, முழுவதும் படி. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி அரைக்கும்போது விரலில் ஒரு கீறல் விழுந்தாலே உட்கார்ந்துவிடுகிறவள் நான். என் வயிற்றைக் கிழிக்க விடுவேனா? வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. மகளுக்கு ஆறாம் மாதம். நான் படுத்துவிட்டால் இந்த வீடு குப்புறக் கவிழ்ந்துவிடும். உனக்காக அழுவேன், ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவேன், உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். உறுப்பு மட்டும் கேட்காதே.

பொய் சொல்லக் கூடாது என்றாய், சொல்லவில்லை.

என் கேள்வி இதோ. உன் பஸ்ஸை ஒரே ஒரு நாள் எந்தத் தடத்தில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால் எங்கே போவாய்?

உன்,
குண்டூசி

14 பிப்ரவரி

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் பதில் பிடித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் "என் உயிரையே கொடுப்பேன்" என்று எழுதியிருப்பார்கள். காசா, பணமா?

என் பஸ்ஸை எங்கேயும் கொண்டுபோக மாட்டேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவேன். இப்போதெல்லாம் அந்த ஆசைதான். டெப்போவில் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

கேள்வி எதுவும் தோன்றவில்லை. அடுத்த முறை கேட்கிறேன். மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன்,
நெட்டை

3 மார்ச்

அடியே,

இந்தக் கடிதத்துக்கு அன்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

நேற்று உன் தம்பி பெண்டாட்டி ஃபோன் செய்தாள். எடுத்ததுமே அழுகை. "அக்கா, வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல படுத்துட்டு வர்றாங்க. வந்தா எழுந்து நிக்கக்கூட முடியல. உங்ககிட்ட சொன்னா வீட்டை விட்டே போயிடுவேன்னு மிரட்டி வச்சிருக்காங்க" என்றாள். உன் தம்பிக்குச் சர்க்கரை இருப்பதால் அவனுடையதை எடுக்க முடியாதாம். அவளுடையது பொருந்தவில்லையாம். ஆறு மாதமாக நடக்கிறதாம்.

ஆறு மாதம்! ஜனவரியில் நீ அந்தக் கேள்வியை எழுதியபோதே கையில் ஊசி குத்தின தழும்போடுதான் எழுதியிருக்கிறாய். நான் என்னவென்றால் வெந்நீர், வீட்டுக்காரர் என்று கதை அளந்திருக்கிறேன்.

என்னுடையதை எடுத்துக்கொள். இனி இதில் பேச ஒன்றுமில்லை.

குண்டூசி

15 மார்ச்

அன்புள்ள குண்டூசிக்கு,

பேச இருக்கிறது.

உன்னிடம் கேட்டேன், மாட்டேன் என்றாய். அதுதான் உன் மனசு. என் நிலைமை தெரியாமல் சொன்னது என்பதால்தான் அது கலப்படமில்லாத பதில். இப்போது நீ எழுதுவது பரிதாபம். பரிதாபத்தில் வருகிற எதுவும் என் உடம்புக்குள் போகக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். உன்னுடையதை வாங்கிக்கொண்டால் அப்புறம் உன்னைத் திட்ட முடியுமா? உனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட நான் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும். காலமெல்லாம் நன்றியோடு பல்லைக் காட்டிக்கொண்டு வாழ என்னால் ஆகாதுடி. அதைவிட மெஷின் மேல்.

மெஷினோடு எத்தனை காலம் ஓடுமோ ஓடட்டும். இதைப் பற்றி இனி எழுதாதே.

உன்,
நெட்டை

2 மே

அன்புள்ள நெட்டைக்கு,

எழுதுவேன். என் பேனா, என் காகிதம்.

முதலில் நல்ல செய்தி. மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். குழந்தை அழுதால் தெரு கூடுகிறது, உன் குரல்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். விதியை மீறியது யார்? நான் உண்மையைச் சொன்னேன். "ஒரு பேச்சுக்கு" என்று எழுதினாயே, அதுதான் பொய். இல்லாத பசிக்கு யார்தான் உலை வைப்பார்கள்? அன்றைக்கு நீ கேட்டது என் வயிற்றிலிருக்கும் ஓர் உறுப்பை. அதை யாருக்காகவும் எடுக்க எனக்கு மனசில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் இப்போது அங்கே படுத்திருப்பது நீ. இரண்டும் ஒரே கேள்வியா?

பரிதாபமாம்! பயத்தில் எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. பரிதாபப்படுகிறவளுக்கு இவ்வளவு நடுக்கம் வருமா?

வீட்டுக்காரர் கேட்டார், "உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அழுவீங்க. அப்புறம் வெந்நீர் வைக்கக் கத்துக்குவீங்க" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ரத்தப் பரிசோதனைக்கு நான் கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அங்கே என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைவிட வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

மகள்தான் மடக்கினாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு இவளுக்கே ஒண்ணு தேவைப்பட்டா, அப்ப என்னம்மா பண்ணுவே?" என்றாள்.

சமையலறைக்குப் போய் நின்றேன். பிறகு வந்து சொன்னேன். "இவளுக்கு உன்கிட்ட ரெண்டு இருக்கு, உன் புருஷன்கிட்ட ரெண்டு இருக்கு. அவளுக்கு இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறாள்.

பொருந்துகிறது, நெட்டை. உன் ரிப்போர்ட்டுகளை உன் தம்பி பெண்டாட்டி அனுப்பிவைத்தாள், எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறேன்.

உன்,
குண்டூசி

11 மே

குண்டூசி,

வராதே. பெற்ற மகளைப் பகைத்துக்கொண்டு வருகிறவளுக்கு என் வீட்டில் இடமில்லை. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். என் உடம்பு, என் முடிவு.

நெட்டை

7 ஜூன்

அன்புள்ள நெட்டைக்கு,

சொன்ன மாதிரியே திறக்கவில்லை. நான் தட்டிக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்ற மூச்சு எனக்குக் கேட்டது. அதனால் ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். குழாய் ஒழுகுகிறது, கட்டில் முனகுகிறது, நம் விடுதி மாதிரியே இருக்கிறது. இதை உன் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் கிழித்தால் இன்னொன்று எழுதுவேன்.

உறவு இல்லாதவர் கொடுப்பதென்றால் ஒரு குழு விசாரிக்குமாம். இன்று காலை என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். யாராவது மிரட்டினார்களா, ஏதாவது ஆசை காட்டினார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நடுவில் இருந்த வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஒரு பேச்சுக்குக் கேக்கறேம்மா" என்றாரே பார்க்கலாம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கே உங்களுக்குள்ள சண்டை வந்தா, கொடுத்ததை நினைச்சு வருத்தப்படுவீங்களா?"

"சண்டை நடந்துட்டுத்தான் இருக்கு சார். எனக்குக் கதவைக்கூட அவ திறக்கல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்புறம் ஏம்மா கொடுக்கறீங்க?"

"சண்டை இன்னும் முடியல சார். பாதியில அவ போயிட்டா நான் யார்கூடப் போடுவேன்?"

அவர் எதையும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த டாக்டரம்மா எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

நாளை உன்னைக் கூப்பிடுவார்கள். நீ மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. உன் உடம்பு, உன் முடிவுதான். ஆனால் என் உடம்பைப் பற்றி நீ முடிவு செய்யாதே. அது என்னுடையது. அதில் ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்று நான் சொல்லிவிட்டேன். நன்றியை இங்கே யார் கேட்டது? நீ நன்றி சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உன்,
குண்டூசி

8 ஜூன்

அன்புள்ள குண்டூசிக்கு,

போனேன். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

அந்த வக்கீல் கேட்டார், "வாங்கிக்கிட்டா காலத்துக்கும் அவங்களுக்குக் கட்டுப்பட்டவங்க ஆயிடுவோம்னு நினைக்கறீங்களா?"

வாய் தானாகப் பேசியது. "அவளுக்கா? சாகற வரைக்கும் மாட்டேன்."

அவர் சம்மதக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் மகளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் என்னைத் திட்ட வேண்டும், அது நியாயம். பதில் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

லாட்ஜைக் காலி செய்துவிட்டு வா. தட்டாதே, தாழ்ப்பாள் போடவில்லை.

உன்,
நெட்டை