கிணற்றுச் சுவரில் குடியிருந்தவர்கள்

ரிஸ்ஸானி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கணவர் ஹம்மு அவர்களுக்கு,

சுரங்கத்தின் இருட்டிலும் அல்லாஹ்வின் காவல் உங்களோடு இருக்கட்டும். உங்கள் இட்டோ நான் சொல்லச் சொல்ல, இமாமின் மனைவி ரொக்கியா எழுதுகிறாள். நான் சுகம். ஒட்டகமும் சுகம். மழை பொய்த்ததால் ஆடுகளை விற்றுவிட்டோம்.

உங்கள் தம்பி மோஹாவும் மற்றவர்களும் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு இந்த ரிஸ்ஸானி ஊருக்குக் குடிவந்தபோது நான் வரவில்லை. பிரான்சிலிருந்து திரும்பினால் நீங்கள் நேராக நம் கிணற்றடிக்குத்தான் வருவீர்கள். அங்கே ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

துணைக்கு ஒரு பாலைக்குருவி ஜோடி இருந்தது. கிணற்றுச் சுவரின் பொந்தில் வைக்கோலும் ஒட்டக முடியும் வைத்துக் கூடு கட்டியிருந்தன. பெட்டை உட்கார்ந்தால் மணலா குருவியா என்று தெரியாது. ஆணுக்குத் தொண்டையில் மட்டும் கறுப்பு. காலையில் ஒட்டகச் சாணத்தைக் கிளறிப் பார்லி மணிகளைப் பொறுக்கும். உச்சி வெயிலில் இரண்டும் அலகைத் திறந்தபடி என் கூடார நிழலுக்கு வந்துவிடும். நான் பேசினால் பறக்காது.

“இதையெல்லாமா எழுதணும்? அவரு பார்க்காத குருவியா?” என்கிறாள் ரொக்கியா. பார்த்தவர்தான், இருந்தாலும் எழுது என்றேன்.

பெரிய மணல்காற்றில் கிணறு தூர்ந்துபோனது. மோஹா ஆட்களோடு வந்தான். சுவரை இடித்துவிட்டு ஆழமாக வெட்ட வேண்டும் என்றான். பொந்தில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நான் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

“தள்ளுங்க மதினி. புருஷனைக் காவல் காத்தது போதாதுன்னு இப்ப குருவிக்கும் காவலா?”

“குஞ்சு பறக்கட்டும்டா. அப்புறம் நானே கடப்பாரை எடுத்துத் தர்றேன்.”

“அதுவரைக்கும் தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?”

“கால் இருக்குல்ல, நடக்கிறேன்.”

ஆட்கள் சிரித்தார்கள். மோஹா சிரிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டான். தினமும் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கிணறுவரை போய்வந்தேன். பாதம் வெடித்துவிட்டது. அந்தக் கொளுத்தும் வெயிலிலும் ஆணும் பெட்டையும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவந்து ஊட்டின. ஒன்று போனால் இன்னொன்று திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வேறென்ன வேலை எனக்கு?

குஞ்சுகள் பறந்தன. சில நாள் தாயின் பின்னாலேயே வாய் திறந்து திரிந்தன. பிறகு வணிகர்களின் ஒட்டகக் கூட்டம் ஒன்று அந்த வழியாகப் போனது. சிந்துகிற தானியத்தைப் பொறுக்கிக்கொண்டே அத்தனையும் அதன் பின்னால் போய்விட்டன. சாயங்காலம் திரும்பும் என்று பார்த்தேன். வரவில்லை.

சொன்னபடி கடப்பாரையை எடுத்துக் கொடுத்தேன். மோஹா ஆட்களோடு வந்து பாறை தட்டும்வரை வெட்டினான். தண்ணீர் இல்லை. மண்ணை அள்ளி முகர்ந்துவிட்டு, “கிளம்புங்க மதினி, இனி இங்க ஒண்ணுமில்ல” என்றான். கூடாரத்தை நானே பிரித்தேன்.

இங்கே சோற்றுக்குக் குறையில்லை. மோஹாவின் மனைவி நல்லவள். ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருந்தும் என்னிடம் பேச யாருக்கும் பேச்சில்லை. இதை எழுதவா என்று ரொக்கியா கேட்கிறாள். எழுதிவிட்டாள்.

நெஞ்சில் கரித்தூசி சேராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது கிணற்றடிக்குப் போய் ஏமாற வேண்டாம். ரிஸ்ஸானியில் சந்தைக்குப் பின்னால் நீலக் கதவு வைத்த வீடு. எந்த நேரமானாலும் தட்டுங்கள். நான்தான் வந்து திறப்பேன்.

உங்கள் மனைவி,
இட்டோ