பெயர் வைப்பதற்கு முன்

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் பதினோரு வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. முப்பத்து மூன்று வயதில் மாலைநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன். ஒரே ஒரு படிப்புக்குத்தான் டிக் போடலாம். பதினாறாம் தேதி கடைசி. கணினி அறிவியல் என்று அக்கா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள் இல்லையா, என் தலையெழுத்தையும் அவளே டைப் செய்துவிடுவாள்.

அதற்கு அடுத்த கட்டத்தில் ‘தகவல் அறிவியல்’ என்று இருக்கிறது. அப்படி என்றால் என்ன? வீட்டுக்காரரிடம் கேட்டேன். “ஊர்க்கதை பேசுறதுக்கும் டிகிரி வந்துடுச்சா? நீ இப்பவே பாஸ்” என்றார். எலக்ட்ரீஷியனுக்கு வாயில் மட்டும் கரண்ட் போவதே இல்லை.

மார்ச் 7, சனி

பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க இன்று அனுமதி. கணினித் துறையில் கால் வைக்க இடமில்லை. தகவல் அறிவியல் அறையில் ஆறே பேர். பேராசிரியை ஒரு டப்பா நிறைய பட்டன்களை மேஜையில் கொட்டினார். “வேற யாராவது வந்து தேடினா சட்டுனு கிடைக்கணும். அடுக்குங்க.”

நான் நிறம் நிறமாகப் பிரித்தேன். பக்கத்திலிருந்த தபால்காரர் துளைகளை எண்ணிப் பிரித்தார். இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. பேராசிரியை ஒரு பட்டன் அறுந்த சட்டையை நீட்டி, “இந்தக் காஜாவுக்கு ஒண்ணு குடுங்க” என்றார். அளவு! அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மொத்தத்தையும் கலைத்துத் தேட வேண்டியதாயிற்று.

தேடி வருகிறவர் கையில் என்ன வைத்துக்கொண்டு வருகிறார்? பதினோரு வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லையே! அதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

மார்ச் 8

அக்கா போனில். தகவல் அறிவியல் பற்றிச் சொன்னேன். “அதப் படிச்சா யாருடி வேலை தருவா?” கணினி அறிவியலுக்குப் பென்சிலால் டிக் போட்டேன்.

மார்ச் 12, வியாழன்



காலையில் விபத்துப் பிரிவு நர்ஸ் ஓடி வந்தார். பைக்கிலிருந்து விழுந்த பையன், இருபத்திரண்டு வயது, நினைவில்லை. “நெஞ்சுல பழைய தழும்பு இருக்கு. என்ன ஆபரேஷன்னு தெரியாம மயக்க மருந்து குடுக்க டாக்டர் யோசிக்கிறார்.” அவன் பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றுமே இல்லை. கூடவே வந்த அப்பா சொன்னார்: “பொறந்தப்ப இங்கதாம்மா பண்ணாங்க. அவன் அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும். அவளும் போய்ச் சேந்துட்டா.”

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் — இவர் கையில் என்ன வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்?

“பொறந்து எத்தனாவது நாள்ங்க?”

“மூணாவது நாள்.”

“அப்போ பேர் வச்சிருந்தீங்களா?”

“எங்க வச்சோம்மா... பொழைப்பானான்னே தெரியல.”

பெயர் வைக்காத குழந்தையின் தாள்களை அப்போதெல்லாம் தாயின் ஃபைலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பெயர் வைத்ததும் தனி ஃபைல் போட வேண்டும். யாரும் போடவில்லை. அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். நாற்பத்தோராம் அலமாரி, மேல்தட்டு. பிரசவக் குறிப்புக்குப் பின்னால் பதினேழு தாள். ‘ஆண் குழந்தை. இதய அறுவை சிகிச்சை.’ எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிவப்பு மையில்.

இருபத்திரண்டு வருடமாக அந்த அம்மா பிள்ளையைக் கீழே இறக்கி விடவே இல்லை. தாள்களை நர்ஸிடம் கொடுக்கும்போது அழுதுவிட்டேன்.

மார்ச் 13

பிழைத்துவிட்டான்.

மார்ச் 16

கணினி அறிவியல் டிக்கை அழித்துவிட்டு, தகவல் அறிவியலில்தான் சேர்வேன் என்று அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“பேனாவால போடுடி. பென்சில்னா நானே வந்து அழிச்சாலும் அழிச்சிடுவேன்.”

போட்டேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

முதல் வகுப்பு. மாணவர் அட்டை கொடுத்தார்கள். ரெக்கார்டு ரூம் புத்தி போகுமா? போட்டோவை விட்டுவிட்டு எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். இந்தக் கட்டடத்தில் எங்கோ யாரோ எனக்கென்று ஒரு ஃபைல் திறந்திருக்கிறார்கள்.

யாராவது என்னைத் தேடி வந்தால், இங்கே கிடைப்பேன்.