நாற்பதாவது ஆள்

மார்ச் 12, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. இன்று ஏழு வீடு, ஒரு மருந்துக்கடை. எல்லோருக்கும் இன்றைக்கே குளிர வேண்டும். மாப்பிள்ளை மாடியில் தொங்கினான், நான் கீழே ஏணி பிடித்தேன். என் தங்கச்சியைக் கட்டின தோஷத்துக்குப் பதினெட்டு வருஷமாக என்னோடு ஏசி ரிப்பேர் பார்க்கிறான்.

சாயங்காலம் கடையில் ஒரு கடிதம் கிடந்தது. ஏசிக்குள் ஓடுகிற பழைய கேஸ் எல்லாம் படிப்படியாகக் குறையப்போகிறதாம். உலக நாடுகள் எங்கோ ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டன. இனி புது கேஸ் வாங்க அட்டை வேண்டும். அட்டைக்கு மூன்று நாள் வகுப்பு. எப்போது? அடுத்த வாரம்! சீசன் நேரத்தில் மெக்கானிக்கைப் பெஞ்சில் உட்கார வைக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

மார்ச் 19

நாற்பது ஏசி மெக்கானிக்குகள், ஏசி இல்லாத அறை. பாடம் நடத்துகிற அம்மாவுக்கு அதற்குள் டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நன்றாகத்தான் சொல்கிறார்.

"முன்னாடி வானத்துல ஓட்டை விழுதுன்னு ஒரு கேஸை மாத்தினோம். மாத்தி வந்தது ஓட்டை போடல, ஆனா பூமியைச் சூடாக்குது. அதுல ஒரு கிலோ வெளியே போனா, ஆயிரம் கிலோ கரியமில வாயுவுக்கு மேல சூடாக்கும்."

மாப்பிள்ளை என் காதில், "அப்போ நாம ரெண்டு பேரும் ஒரு ஊரையே வேக வெச்சிருப்போம் மச்சான்" என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொய்யில்லை. குழாயை வெட்டு, உஸ்ஸென்று ஊதிப் போகட்டும், டார்ச்சைப் பற்றவைத்து ஒட்டு. எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்போம்? ஒரு நாளும் அது எங்கே போகிறது என்று நினைத்ததில்லை. ஒப்பந்தம் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 20

மருந்துக்கடைக்காரர் விடாமல் போன் அடித்தார். குளிர்பெட்டி நின்றுபோச்சு, மருந்தெல்லாம் வீணாகிறது என்று அழாத குறை. டீ நேரத்தில் மாப்பிள்ளையை அனுப்பினேன். மத்தியானக் கையெழுத்தை அவனுக்கும் நானே போட்டேன். அந்தச் சாய்ந்த கிறுக்கல் எனக்குத் தெரியாதா? இதிலென்ன வந்தது, அவன் கைக்கு இல்லாத அனுபவமா.

மத்தியானம் டீச்சரம்மா ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, அடியில் மெழுகுவத்தி ஏற்றினார். மேலிருந்து புது கேஸைக் கொஞ்சம் விட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வாசனையும் இல்லை. திடீரென்று மெழுகுவத்தியிலிருந்து தீ தகரத்தின் மேலே ஓடியது. முன்வரிசை பெஞ்சோடு பின்னால் நகர்ந்தது.

"இது தரையில படிஞ்சு கிடக்கும். ஜன்னல் திறக்காம, கேஸை முழுக்க வெளியேத்தாம டார்ச் வெச்சீங்கன்னா, அப்புறம் நீங்க இல்லை."

ராத்திரி தங்கச்சி வீட்டுச் சாப்பாடு. எனக்கென்று அடுப்பு ஏது, என்றைக்கும் அங்கேதான். மாப்பிள்ளையிடம், "புது கேஸ் பத்திக்குமாம், ஜாக்கிரதை" என்றேன்.

"சமையல் கேஸ் மாதிரிதானே? வாசம் வரும்ல, பாத்துக்கலாம்" என்றான்.

தங்கச்சி தட்டை வைத்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

மார்ச் 22

அட்டை கொடுத்தார்கள். போட்டோவில் இருவருமே தேடப்படும் குற்றவாளிகள்.

ஏப்ரல் 9

வேலை. வேலை. குனிந்தால் நிமிர முடியவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பேக்கரியில் தீ. மாப்பிள்ளை. நான் வேறு தெருவில், மொட்டை மாடியில் — போனை எடுக்கவே இல்லை. மூன்று தடவை அடித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 27

பேக்கரியின் பின்கட்டில் புது கேஸ் போட்ட ஃப்ரீசர். கதவைச் சாத்தியிருக்கிறான். குழாயை வெட்டினான், ஊத விட்டான், டார்ச்சைப் பற்றவைத்தான். பதினெட்டு வருஷமாகச் செய்கிற மாதிரியே. நான் கற்றுக்கொடுத்த மாதிரியே.

கண் தப்பியது. கழுத்தில் கொஞ்சம். கை இரண்டும் மணிக்கட்டு வரை கட்டு.

"வாசமே வரல மச்சான்" என்றான்.

மே 3

அட்டை கொடுத்த ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் வருகைப் பதிவேடு. கட்டில் ஓரத்தில் நின்று, "இதைப் பத்தி கிளாஸ்ல சொன்னாங்களா?" என்று கேட்டார்.

நான் அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

அவர் போனதும் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "மூணு நாள் போய் உக்காந்து என்னத்தக் கத்துக்கிட்டே? அண்ணனும்தானே போச்சு, அதுக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? எல்லாத்துலயும் உனக்கு அலட்சியம்!" கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். எல்லாவற்றையும் அவன் வாங்கிக்கொண்டான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். மனுஷனா நான்?

மே 10

தங்கச்சி மருந்து வாங்கப் போன நேரத்தில் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னே என்று.

"பின்னே? உன் அட்டையும் போச்சுன்னா வீட்டுக்கு யாரு சம்பாதிக்கிறது மச்சான்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வாயை மூடு என்றான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்: அப்பாடா என்று இருந்தது.

மே 21

மனசு கேட்காமல் டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவன் வகுப்பில் இல்லை, கையெழுத்து நான் போட்டது என்று கொட்டிவிட்டேன்.

மேஜையில் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும். நீங்க போடறதைப் பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"நாப்பது பேருக்குக் கிளாஸ் எடுக்கணும்னு திட்டம். முப்பத்தொம்பதுன்னு எழுதினா மேல இருந்து கேள்வி வரும். அடுத்த கிளாஸுக்கு அனுமதி வராது. ஒருத்தர்தானேன்னு..."

ஒருத்தர்தானே என்றுதான் நானும் நினைத்தேன். அந்த அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. மேலே போகப்போகிற அறிக்கையைக் காட்டினார். நாற்பது பேர் பயிற்சி பெற்றார்கள், ஒரு விபத்து, காரணம், பயிற்சி பெற்றவரின் கவனக்குறைவு. ஒப்பந்தம் போட்ட அந்த மண்டபத்தில் யாராவது இதைப் படித்துத் தலையாட்டுவார்கள். டீ குடிப்பார்கள். பூமி குளிர்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். என் மாப்பிள்ளைக்கு விரல் மடங்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். தங்கச்சி அவனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணன் கவனத்துல பாதி உனக்கு இருந்திருந்தா..." என்று அவனிடம் ஆரம்பித்தாள்.

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாம். மருந்துக்கடை, கையெழுத்து, தகரம், தீ ஓடியது, அதைப் பார்த்தும் அவனுக்கு ஒழுங்காகச் சொல்லாதது.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒரு மாசமா நான் இவரைத் திட்டினேனே, அப்போ நீ எங்க இருந்தே?"

அங்கேயேதான் இருந்தேன்.

"அவரு உன்னைக் காப்பாத்தினாரு. நான் காப்பாத்த மாட்டேன்."

ஜூன் 5

தங்கச்சியே என்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அதிகாரியிடம் நீட்டினாள். டீச்சரம்மா பார்த்ததை நான் எழுதவில்லை. அந்த அம்மாவும் வந்து சொல்லவில்லை.

ஜூலை 18

என் அட்டையை இரண்டு வருஷத்துக்கு ரத்து செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மேல் இருந்த பழியை எடுத்துவிட்டார்கள். அறிக்கை? அது எப்போதோ மேலே போய்விட்டதாம், திருத்த வழியில்லையாம். அதில் இன்னமும் நாற்பது பேர்தான்.

கடையை மூடினேன். மீசைக்காரர் என்று ஒரு மெக்கானிக். அவருக்குக் கருவிப் பெட்டி தூக்குகிறேன். சாப்பாடு ஹோட்டலில்.

ஆகஸ்ட் 2

நாக்கு செத்துவிட்டது.

செப்டம்பர் 14, சனி

தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று மீசைக்காரருக்குப் போன். அவருக்கு உறவு தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். "அது பத்திக்கிற கேஸ்தானே?" என்று மீசைக்காரரைக் கேட்டாள். ஆமாம் என்றார். உடனே போய் ஜன்னல் ஒன்று விடாமல் திறந்தாள். பின்கதவு, முன்கதவு. அடுப்பை அணைத்தாள். தன் மாமியாரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போய், எதிர்ச்சாரியில் நின்றுகொண்டாள். வேலை முடிகிற வரை அங்கேதான் நின்றாள்.

மாப்பிள்ளை போகவில்லை. "நான் இருக்கேன், நீங்க பாருங்க" என்று பின்வாசலில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் தண்ணீர் கொண்டுவந்தான். விரல் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை அழுத்திப் பிடித்து, அடிமேல் அடி வைத்து வந்தான். பாதி சிந்திவிட்டது. மீதியைக் குடித்தேன்.

"இளைச்சிட்டே மச்சான்" என்றான்.

தங்கச்சி உள்ளே வந்து ஜன்னல்களைச் சாத்தினாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம்தான். ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்கினேன். எடுத்து மறுபடி அடுக்கினேன்.

மீசைக்காரர்தான் "போலாமா?" என்றார்.