ஆடிக் காற்று எட்டாத ஆழம்

உசும்புரா, தாங்கனிக்கா ஏரிக்கரை, ஆப்பிரிக்கா
12-3-1957

அன்புள்ள அண்ணிக்கு பாலகுரு வணக்கம்.

தந்தி கிடைத்திருக்கும். பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஏரித் தண்ணீரை ஆழத்துக்கு ஆழம் மொண்டு சோதிக்கும் வெள்ளைக்கார முசியேவின் படகில்தானே அண்ணனும் நானும் வேலை பார்த்தோம். அன்று குப்பி கட்டிய கம்பியை இறக்கும்போது அது அண்ணன் காலில் சுற்றிக்கொண்டது. முனையில் இருந்த இரும்புக் குண்டு அவரைக் கீழே இழுத்துவிட்டது. கம்பியும் அறுந்துவிட்டது. ஆறு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. ஜெயத்தை அழவிடாதீர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தங்கள் கொழுந்தன்
பாலகுரு

வைத்திக்குப்பம், புதுச்சேரி
2-4-1957

தம்பி பாலகுருவுக்கு அண்ணி சொல்ல, ஜெயம் எழுதுவது.

உன் கையெழுத்து நண்டு ஓடின மாதிரி இருக்கிறது. மகள் படித்துச் சொன்னாள். தந்தி வந்த அன்றே என் அண்ணன் இராமதாஸ் தாலியைக் கழற்றி வாங்க ஆட்களோடு வந்துவிட்டார். “உடம்பைக் காட்டு, கழட்டறேன்”னு சொல்லிட்டேன். கடலே மூன்றாம் நாள் ஆளைக் கரையில் போட்டுவிடுகிறது. எவ்வளவு பெரிய ஏரியானால் என்ன, நாலு பக்கமும் கரைதானே? எங்கே போய்விடுவார்? நீ சரியாகத் தேடவில்லை. தேடு.

உன் அண்ணி
தில்லையம்மாள்

உசும்புரா
5-5-1957

அன்புள்ள அண்ணிக்கு,

இது நம் கடல் மாதிரி இல்லை. மேல்தண்ணீர் சூடு, லேசு. கீழ்த்தண்ணீர் குளிர்ச்சி, கனம். கஞ்சி மேல் தெளிந்த நீர் மாதிரி ஒன்றோடொன்று சேராமல் நிற்கிறது. கீழே மூச்சுக்குக் காற்றில்லை, ஒரு மீன் இல்லை. மொண்டு வந்தால் அழுகின முட்டை நாற்றம். அங்கே போனது தானாக மேலே வருவதில்லை.

ஆனால் ஆடி வாக்கில் தெற்கிலிருந்து காற்று அடிக்கும். மேல்தண்ணீரை அது வடக்கே ஒதுக்கும். தென்கோடியில் கீழ்த்தண்ணீர் எழும்பும். ஏரியே புரளும். அண்ணனும் வருவார். நான் இங்கேயே காத்திருக்கிறேன்.

பாலகுரு

வைத்திக்குப்பம்
1-3-1959

தம்பிக்கு,

இரண்டு ஆடி போய்விட்டது. மாசிமகத்துக்கு நம் கரைக்கு வந்த சாமிகளையெல்லாம் கேட்டுவிட்டேன், ஒன்றும் வாய் திறக்கவில்லை. இராமதாஸ் தன் மகனுக்கு ஜெயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கருமாதி ஆகாத வீட்டில் எப்படிப் பந்தல் போடுவது? உடம்பில்லாமல் கருமாதி செய்யவும் மனசு வரவில்லை. இந்த ஆடியில் வந்துவிடுவாரா? நீ உறுதியாகச் சொன்னால் அவர்களைப் பொறுக்கச் சொல்கிறேன்.

உன் அண்ணி
தில்லையம்மாள்

உசும்புரா
2-4-1959

அண்ணி, வந்துவிடுவார். போன ஆடியில் செத்த மீன் கூட்டம் கூட்டமாக மிதந்தது. காற்றில்லாத கீழ்த்தண்ணீர் எழும்பி மேல்மீனுக்கு மூச்சு முட்டினதற்கு அதுதான் அடையாளமாம். பொறுக்கச் சொல்லுங்கள்.

பாலகுரு

வைத்திக்குப்பம்
20-9-1961

தம்பிக்கு,

இராமதாஸ் மகனுக்குக் கடலூரில் பெண் எடுத்துத் தையிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. உன் பேச்சை நம்பி ஒன்றுக்கு இரண்டு ஆடி பொறுத்தார்கள். ஜெயம் இப்போது முத்தியால்பேட்டைத் தெருக்களில் மீன்கூடை சுமக்கிறாள். இதை எழுதும்போது அவள் பேனா நிற்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நானும் கடல்காரிதான். புயலே அடித்தாலும் தண்ணீர் அடிவரைக்கும் கலங்காது என்று எனக்குத் தெரியாதா? நீ கம்பியைக் கை விரித்துப் பாகம் பாகமாக ஆழம் அளக்கிறவன். உன் அண்ணன் மேல் ஆணையாகச் சொல். அந்தக் காற்று எத்தனை பாகம் கலக்கும்? அவர் எத்தனை பாகத்தில் கிடக்கிறார்?

உன் அண்ணி
தில்லையம்மாள்

உசும்புரா
15-10-1961

அண்ணி,

காற்று கலக்குவது நூறு பாகம். அண்ணன் கிடப்பது எழுநூறு பாகத்தில். அந்தத் தண்ணீர் எந்த ஆடியிலும் மேலே வராது. முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அன்று கம்பி இறக்கும் முறை என்னுடையது. எனக்குக் காய்ச்சல். “நீ படு, நான் பாத்துக்கறேன்”னார் அண்ணன். இதைச் சொல்லப் பயந்துதான், நீங்கள் ‘தேடு’ என்றதும் காற்றைச் சொன்னேன். பிறகு நிறுத்தத் தெரியவில்லை. ஜெயத்தின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன். ஊருக்கு வரட்டுமா?

பாலகுரு

வைத்திக்குப்பம்
28-11-1961

பாலகுருவுக்கு,

அவர் சட்டையைக் கிடத்திக் கருமாதி செய்தோம். தாலி கழற்றியாகிவிட்டது. காய்ச்சல் உன் குற்றமில்லை. அதை அன்றே எழுதியிருந்தால் உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். உன் மேல் கோபம் இல்லை என்று எழுதலாமா என்கிறாள் ஜெயம். வேண்டாம், கோபம் இருக்கிறது.

வராதே. பதிலும் போடாதே. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன். அது நிற்கட்டும்.

தில்லையம்மாள்