தொட்டியில் மிதந்த கல்

திண்டுக்கல்,
ஜூன் 14

என் அன்புச் செல்விக்கு,

மாதாவின் கருணையால் இங்கே நாங்கள் சுகம். நீயும் ரூபியும் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாராமே, உன்னோடு வேலை பார்க்கும் அஃப்சானா சொன்னாள். லீவு முடிந்து நாளை சார்ஜா திரும்பும் அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் வைத்தே படித்துவிடு.

மாடியில் உனக்காக அறை எழும்புகிறது. போன வாரம்வரை பயந்துகொண்டிருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. அப்பா கட்டிய கீழ்ச்சுவர்கள் செங்கல் பாரம் தாங்காது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். ஆகவே உள்ளே காற்றுக் குமிழிகளோடு வெள்ளையாக வருகிற லேசான கல்லை இறக்கினோம். அதே அளவு செங்கல் சுவரின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

நம் சிலுவைமுத்து கொத்தனார் செங்கல்லை நனைப்பதுபோல இதையும் கட்டுவதற்கு முந்தின சாயங்காலமே தொட்டியில் போட்டார். அத்தனையும் மிதந்தன. “டீச்சரம்மா, ஒரு மழைக்கு ஒங்க மாடி ஒட்டன்சத்திரம் போயிரும்” என்று அவர் சொல்ல, சித்தாள் பெண்கள் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு பழைய கிரைண்டர் கல்லை மேலே ஏற்றி அமுக்கிவிட்டார். குழாயைத் திறந்துவிட்டது நான். பன்னிரண்டு வருஷமாக அடர்த்தி பாடம் நடத்துகிறவள், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வரிசை கட்டிய பிறகுதான் இன்ஜினியர் வந்து பார்த்தார். இந்தக் கல்லை ஊறவைக்கவே கூடாதாம். ஈரத்தில் வலு குறையும், காயும்போது சுவர் வெடிக்கும் என்று சத்தம் போட்டு வேலையை நிறுத்தினார். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இடிப்பதா, விடுவதா என்று சொல்ல முடியும் என்றார். தினமும் அந்த முழங்கால் உயரச் சுவர் முன் போய் நின்றேன். மூன்று வருஷம் முன்பு நீ அழுதபோது, கொஞ்சம் பொறுத்துப் போ என்றவளும் நான்தான். இதையும் நானே கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது.

ஊறாத கல், ஊறிய கல், ஊறிக் காயவைத்த கல் என்று வகைக்கு மூன்று எடுத்துப்போய் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தேன். எந்திரத்தில் நசுக்கிப் பார்த்தார்கள். ஊறாதது சதுர மில்லிமீட்டருக்கு நாலு நியூட்டனுக்குக் கொஞ்சம் மேலே தாங்கியது. ஈரமானது மூன்றைக்கூடத் தொடவில்லை. காயவைத்தது மறுபடி நாலுக்கு வந்துவிட்டது, செல்வி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இடிக்க வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் போதும் என்று இன்ஜினியரும் சொல்லிவிட்டார்.

சிலுவைமுத்துவுக்குத்தான் வருத்தம். “முன்னாடியே சொல்லியிருந்தா இம்புட்டுத் தண்ணி மிச்சமாயிருக்கும்ல” என்கிறார். லாரித் தண்ணீர் அல்லவா.

இப்போது சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. தகடு கூரைதான் போடுகிறோம், ஆனால் கிழக்கே ஜன்னல் வைத்திருக்கிறேன், மலைக்கோட்டை தெரியும். மாடிப்படி வெளிப்பக்கம். எங்களை எழுப்பாமலே எந்த நேரமும் நீ ஏறி வரலாம். ரூபிக்குப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தேன், இருக்கிறதாம்.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ரூபியின் பாஸ்போர்ட்டை மட்டும் இனி உன் கைப்பையிலேயே வைத்துக்கொள்.

உன் அக்கா,
ரோஸ்மேரி