உனக்குத் திறக்காத கதவு

இன்று தேரடி வீதியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்துப் பூக்கடையில் மரிக்கொழுந்துக் கட்டைப் பிரித்தார்கள். அந்த வாசனை வந்ததும் உன்மேல் பழைய எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. செத்தும் நீ என்னைச் சும்மா விடுவதாக இல்லையடி.

கோயிலுக்கு மாலை கட்டும் குடும்பம் உன்னுடையது. எமர்ஜென்சி முடிந்த புதிதில் எங்கள் சபையில் ஞானஸ்நானம் வாங்கினாய். உன் அப்பா உன்னைத் தலைமுழுகிவிட்டார். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறையில் தையல் தைத்துப் பிழைத்தாய். அன்றிலிருந்து சபையில் உன் பேச்சுதான். நீ சாட்சி சொல்ல எழுந்தாலே எல்லா முந்தானையும் கண்ணுக்குப் போகும். நான் தாத்தா காலத்துக் கிறிஸ்தவள். எனக்கு என்ன சாட்சி? சளி பிடித்தது, ஜெபித்தேன், போய்விட்டது! இயேசுவின் பாடுகளில் எனக்கும் பங்கு வேண்டுமென்று சின்ன வயசிலிருந்தே கேட்டவள் நான். நேற்று வந்த உனக்குக் கிடைத்தது. வயிறு எரியாதா?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் அடி அண்ணாமலைக்கு நடப்போம். உன் பிறந்த வீட்டு வாசலில் நின்று, "அம்மா, நான் வந்துருக்கேம்மா" என்பாய். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிடும். கதவு மட்டும் திறக்காது. ஒருமுறை உன் அம்மா உள்ளிருந்தே கத்தினாள். "உன் சாமிய நான் ஒண்ணும் சொல்லலடி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே, அதுதான் ஆறல."

திரும்பும்போது, "உனக்கு இன்னாடி கொறச்சல், பரலோகத்துல பெரிய கிரீடமா எடுத்து வெச்சிருப்பாரு" என்றேன். நீ செருப்பில் ஏறிய கல்லைத் தட்டிக்கொண்டே, "கிரீடத்த நீயே வெச்சிக்க. உங்கம்மாவ எனக்கு ஒரு நாளைக்குக் குடு" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. பொறாமையிலும் நீதான் ஜெயித்தாய்.

"தொறக்காத கதவுக்கு எதுக்குடி வாராவாரம் போற?" என்று கேட்டதற்கு, "சிலுவையத் தூக்கினவரு பாதி வழியில திரும்பிட்டாரா?" என்றாய்.

போன வருஷம் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பியும் அடக்கத்துக்கு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு என் கால் பழக்கத்தில் உன் வாசலுக்கே போய் நின்றது. நான் கூப்பிடக்கூட இல்லை. கதவு திறந்தது. உன் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, இலை போட்டு, "அவளுக்குக் காராமணிக் கொழம்புன்னா உசுரு. நீ சாப்புடு" என்றாள்.

இப்போது வாராவாரம் போகிறேன். போக வேண்டாமென்றுதான் ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். வீட்டை விட்டு வந்தபின் நீ ஒரு பிடிகூடச் சாப்பிடாத சோறு எனக்கு லேசில் இறங்குவதில்லை. பாடுகளில் கேட்டுக் கேட்டு நான் வாங்கிய பங்கு இதுதான் போலிருக்கிறது. இதிலும் உனக்குத்தான் முதலிடம். உன் அம்மா கரண்டியோடு குனிந்து, உன் பெயரைச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் போடட்டாடி?" என்கிறாள்.

"போடும்மா" என்கிறேன்.