குசினிச் சுவர்

கனமூலை
வெள்ளிக்கிழமை

என் அன்பு மனைவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையில் பட்ட காயம் ஆறிவிட்டதா? முந்தலில் உன் தங்கச்சி வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று மகள் சொன்னாள். சந்தோஷம்.

பிரிட்ஜில் கரண்ட் அடித்து நீ விழுந்த அன்று, "வயர மாத்தாம இந்த ஊட்டுக்கு வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது வீடு முழுக்க மாற்றுகிறேன். வயரிங் பாஸ் றினாஸ் நாலு நாளாக வேலை செய்கிறார். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்சும் போட்டாயிற்று.

முதல் நாள் கூரைக்குள் ஏறியவர், டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயர்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார்.

"நானா, யாரு இந்த வேலயச் செஞ்ச? ஆக்கள் மௌத்தாகாம இருந்ததே அல்லாஹ்ட ரஹ்மத்."

நீ ஒவ்வொரு தடவையும் பாஸைக் கூப்பிடச் சொன்னதும், நான் டேப்போடு ஏணியில் ஏறியதும் நினைவுக்கு வந்தன. "நான்தான்" என்றேன். அவர் அடுத்த வயரைக் கழற்றிக் கீழே போட்டார்.

நேற்றுக் குசினியில் பிளக், சுவிட்ச் எல்லாம் எங்கே வேண்டும் என்று கேட்டார். நீ எங்கே இருந்து தேங்காய் துருவுவாய், எந்தப் பக்கம் கை நீட்டுவாய் என்று யோசித்தேன். முப்பத்தொரு வருடம் அங்கே சமைத்ததைச் சாப்பிட்டவனுக்கு அது தெரியவில்லை.

"அவ வந்து சொல்லட்டும்" என்றேன்.

குசினிச் சுவரை மட்டும் வயர் பதிக்க இன்னும் வெட்டவில்லை. பாஸ் திங்கட்கிழமை வருவார். ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு உன்னைக் கூட்டிவர வருகிறேன். சோக்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன், பிளக் வேண்டிய இடத்தில் நீயே சுவரில் அடையாளம் போடு.

உன் பிடிவாதக்காரன்